எட்டிமான்லைன்: ஆங்கிலக் கூட்டுச் சொற்களின் வேர் தேட எவ்வளவு உதவும்?

ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை இலவசமாகத் தேட இன்று எட்டிமான்லைனைத்தான் முதலில் பரிந்துரைப்போம். டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்த தளம் இது. கூட்டுப் பெயரடைகளைத் தேடும்போது இதன் பலமும் குறையும் பளிச்சென்று தெரியும்.

நாணமுற்ற என்று பொருள்படும் 'ஷேம்ஃபேஸ்ட்' (shamefaced) என்று தேடுங்கள். வெட்கமும் முகமும் சேர்ந்த சொல் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் பழைய வடிவம் 'ஷேம்ஃபாஸ்ட்' (shamefast). நாணத்தால் கட்டுண்டவர் என்பது மூலப்பொருள். அந்த 'ஃபாஸ்ட்' வேகத்தைக் குறிப்பதல்ல. அசையாமல் பிணைந்தது என்ற பழம்பொருள் கொண்டது. உறுதியான என்று பொருள்படும் 'ஸ்டெட்ஃபாஸ்ட்' என்ற சொல்லிலும் அதுதான் இருக்கிறது. அந்தப் பொருள் மங்கியதும், 16-ஆம் நூற்றாண்டில், காதுக்குப் பழகிய 'ஃபேஸ்' உள்ளே புகுந்துவிட்டது.

பதிவுகள் சுருக்கமானவை. மேற்கோள்கள் குறைவு. பெரிய குறை இதுதான். 1611 கிங் ஜேம்ஸ் பைபிளில், 1 தீமோத்தேயு 2:9-இல் 'ஷேம்ஃபாஸ்ட்னெஸ்' என்று அச்சாகியிருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் அதுவே 'ஷேம்ஃபேஸ்ட்னெஸ்' ஆகிவிட்டது. இத்தகைய சான்றுகளை ஆண்டு வரிசையில் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சந்தா உண்டு.

தேடும் முறையிலும் கவனம் வேண்டும். முழுச் சொல்லுக்குப் பதிவு இல்லையென்றால் பகுதிகளைத் தனித்தனியே தேடுங்கள். 'ஃபாஸ்ட்' என்று போட்டால் பெயரடை, வினையடை, உண்ணாநோன்பைக் குறிக்கும் வினை என்று பல பதிவுகள் வரும். நமக்கு வேண்டியது பெயரடை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, பதிவில் தந்திருக்கும் ஆண்டைப் பாருங்கள். புத்தம் புதிய என்று பொருள்படும் 'பிராண்ட்-நியூ' 16-ஆம் நூற்றாண்டுச் சொல். 'பிராண்ட்' வணிகப் பெயரைக் குறித்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆகவே 'புது பிராண்ட்' என்ற விளக்கம் நிற்காது. இங்கே 'பிராண்ட்' என்பது எரிகொள்ளி. உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பு போன்ற புதுமை. ஷேக்ஸ்பியர் இதே பொருளில் 'ஃபயர்-நியூ' என்கிறார். ஆண்டை வைத்தே தவறான விளக்கத்தைத் தள்ளிவிட முடிவது அருமையான வசதி.

ஆனால் அந்த ஆண்டு, கைக்குக் கிடைத்த முதல் எழுத்துச் சான்றின் காலம் மட்டுமே. பேச்சில் சொல் அதற்கு முன்பே புழங்கியிருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் பதிப்புத் திருத்தங்கள் 2000 முதல் இணையத்தில் வருகின்றன. பல சொற்களின் ஆண்டு அதில் இன்னும் பழைய காலத்துக்கு நகர்ந்திருக்கிறது. கட்டுரையில் ஆண்டைக் குறிப்பிடுவதானால் அங்கும் சரிபார்த்துவிடுங்கள். உடுக்குறி (*) இட்ட வேர்களை எடுத்தாளும்போது 'மீட்டுருவாக்கம்' என்று சேர்த்து எழுதுங்கள். அவை அறிஞர்கள் ஊகித்து அமைத்த வடிவங்கள், எந்தச் சுவடியிலும் கிடையாது.