"எல்லாப் போட்டிக்கும் அனுமதி உண்டு" என்று விற்கும் சிலிண்டரா? முதலில் தண்டை அளந்து பாருங்கள்

மாணவர் ரோபோ அணி நடத்துகிறவர்கள், அதிலும் முதல் தடவையாகக் காற்றழுத்தத்தில் இறங்குகிறவர்கள், சிலிண்டருக்கு (காற்றின் அழுத்தத்தால் ஒரு தண்டை வெளியே தள்ளியும் உள்ளே இழுத்தும் வேலை செய்யும் உருளை) ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய தூக்கும் கை, நான் சரிபார்க்காமல் வாங்கிய நான்கு சிலிண்டர்களால் நின்றுபோனது.

நாங்கள் பங்கெடுப்பது ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன் என்ற மாணவர் ரோபோ போட்டியில். 20 மி.மீ. போர் (உருளையின் உள் விட்டம்), 150 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு நகரும் தூரம்), இரு பக்கமும் காற்றில் இயங்கும் சிலிண்டர் தேவைப்பட்டது. இணையத்தில் ஒரு விற்பனையாளர், "எல்லா மாணவர் ரோபோ போட்டிகளுக்கும் அனுமதிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அந்த வரியைப் பார்த்ததுமே நான் விலகியிருக்க வேண்டும். எல்லாப் போட்டிக்கும் பொதுவான காற்றழுத்த விதி என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் போட்டியில் தொட்டியில் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை சேர்த்து வைக்கலாம், சிலிண்டருக்குப் போகும் காற்று 60-ஐத் தாண்டக் கூடாது. வெக்ஸ் போட்டியில் கணக்கு 100 பி.எஸ்.ஐ. ஏபியூ ரோபோகானில் 600 கிலோபாஸ்கல், அதாவது 87 பி.எஸ்.ஐ. அளவு. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சிலோ கம்ப்ரஸரும் தொட்டியும் வைத்துச் சிலிண்டர் ஓட்டவே இடமில்லை. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது ஒரே சிலிண்டருக்கு "எல்லாவற்றிலும் அனுமதி" என்று எழுத யாரால் முடியும்?

பெட்டி வந்தது. பளபளப்பான துருப்பிடிக்காத எஃகுக் குழாய், இரண்டு முனையிலும் அலுமினிய மூடி, மேலே 20 x 150 என்று அச்சிட்ட ஸ்டிக்கர். பிட்டிங் (ஹோஸை இணைக்கும் துண்டு) மாட்டும் வாய் 1/8 அங்குலம், நாங்கள் கேட்டது போலவே. ராடை, அதாவது தண்டை, இழுத்துப் பார்த்தேன், வழவழவென்று ஓடியது. சரி என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வெர்னியர் காலிபரை எடுத்து அரை நிமிடம் செலவழித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

கையில் பொருத்தி, ரெகுலேட்டரை (காற்றழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் கருவி) 60-இல் வைத்து வால்வைத் திறந்தோம். கை பாதி உயரம் போய் நடுங்கி நின்றது. ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தோம், வால்வை மாற்றினோம், கணக்கை மறுபடி போட்டோம். இரண்டு நாள் இதிலேயே போனது. கடைசியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கீழே உட்கார்ந்து ராடை அளந்துவிட்டு, "சார், இது 6 மி.மீ. தான் இருக்கு. 20 போருக்கு 8 இருக்கணுமே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஐ.எஸ்.ஓ. 6432 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் சிறு உருளைச் சிலிண்டர்களில் 20 மி.மீ. போருக்குத் தண்டு 8 மி.மீ., 16 மி.மீ. போருக்குத்தான் 6. எங்களிடம் வந்தது 16. நாலு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 60 பி.எஸ்.ஐ.யில் 20 மி.மீ. சிலிண்டர் ஏறக்குறைய 13 கிலோ எடையைத் தள்ளும் விசை தரும். 16 மி.மீ. தருவது எட்டரைக் கிலோதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது.

பிறகு ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினோம். அடியில் உப்புத்தாள் தேய்த்த வட்டக் கீறல்கள். தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் இருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பிட்டிங் மாட்டும் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று விட்டதும் ஒரு பக்கம் குமிழி கிளம்பியது. பிட்டிங்கைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்தால், உள்ளே திருகு மரை சாய்வாக வெட்டியிருந்தது. 16 மி.மீ. சிலிண்டரில் வழக்கமாக இருப்பது சின்ன எம்5 (5 மி.மீ. மரை) வாய். அதைக் குடைந்து 1/8 மரை போட்டிருக்கிறார்கள், 20 என்று நம்ப வைக்க. குடைந்ததில் மூடியின் ஒரு ஓரம் நகக் கனத்துக்கு மெலிந்திருந்தது. அந்த ஓரத்துக்கு ஒரு அடி தூரத்தில் இரண்டு நாளாகப் பிள்ளைகளின் முகம் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்பது ஒன்றே ஆறுதல்.

விற்பனையாளரை அழைத்தேன். அவர் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது: "சார், பிரஷரைக் கொஞ்சம் ஏத்துங்க. 100 வச்சா தூக்கிரும். மத்தவங்க எல்லாம் 100-லதான் ஓட்டுறாங்க." 100 வைத்தால் தூக்கும், கணக்குப்படி உண்மை. ஆனால் எங்கள் விதியில் அது நேரடி மீறல். சுவர் மெலிந்த மூடிக்குள் 100 பி.எஸ்.ஐ. ஏற்று என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் பொருளைப் பற்றி அவர் சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மாட்டிட்டீங்க, இனி எடுக்க முடியாது" என்று வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை.

அளவு சரியாகவே இருந்திருந்தாலும் இந்தச் சிலிண்டர் போட்டியில் நடக்கும் பரிசோதனையில் தேறியிருக்காது. எங்கள் விதிப்படி காற்றழுத்த உறுப்பு எதுவும் கடையில் வாங்கியபடியே இருக்க வேண்டும். அரத்தால் ராவினாலோ, கடைந்தாலோ, வண்ணம் பூசினாலோ, சுரண்டினாலோ அது தடை செய்யப்பட்ட பொருள் ஆகிவிடும். ஹோஸை வெட்டலாம், ஏற்கெனவே இருக்கும் மரையில் பொருத்தலாம், சிலிண்டரில் மாற்றம் செய்யாமல் அதை மாட்டும் பொருத்து ஊசியை மட்டும் எடுக்கலாம். இப்படிச் சில விலக்குகள்தான் உண்டு. நாங்கள் தொடவில்லை, விற்றவர்தான் குடைந்தார் என்று பரிசோதகரிடம் சொல்லிப் பயனில்லை, அவர் பார்ப்பது பொருளை. அழுத்தத் தாங்குதிறனுக்கும் விதி உண்டு: 125 பி.எஸ்.ஐ.க்குத் தயாரிப்பாளர் மதிப்பிட்டிருக்க வேண்டும், முதன்மை ரெகுலேட்டருக்குப் பின்னால் வருவதென்றால் 70 போதும். நல்ல நிறுவனத்தின் சாதாரணச் சிலிண்டரே இதைத் தாண்டிவிடும். ஆனால் சந்தேகம் வந்தால் பாக எண்ணையும் தரவுத்தாளையும் (தயாரிப்பாளர் தரும் அளவு விவரத் தாள்) காட்டச் சொல்வார்கள். எண்ணைச் சுரண்டிய சிலிண்டருக்கு எந்தத் தாளைக் காட்டுவது?

ஆகவே விற்பவரிடம் "போட்டிக்கு ஆகுமா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஆகும் என்றுதான் பதில் வரும். தயாரிப்பாளர் யார், பாக எண் என்ன என்று கேளுங்கள். எண்ணை வைத்துத் தரவுத்தாளை நீங்களே தயாரிப்பாளரிடமிருந்து எடுங்கள், விற்பவர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். பெட்டியைப் பிரித்த அன்றே ராடையும் குழாயின் வெளி விட்டத்தையும் அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். பொருத்திய பிறகு அளந்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான். அந்த வருட விதிப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள், எண்கள் மாறுவதுண்டு.

எங்கள் கதை எப்படியோ தப்பியது. இன்னொரு அணியின் வழிகாட்டி, இரண்டு சிலிண்டர்களைத் தரவுத்தாளோடு இரவல் கொடுத்தார். கை இப்போது 60-இலேயே முழு உயரம் போகிறது. அந்த நான்கும் சிவப்பு டேப் சுற்றி அலமாரியில் இருக்கின்றன, யாரும் தவறி எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. விளம்பரம் இன்னும் அப்படியே ஓடுகிறது, அதே கொட்டை எழுத்தில். 20 என்று சொல்லி உங்களுக்கு வந்ததும் 6 மி.மீ. தண்டோடு இருந்தால், காற்று ஏற்றாதீர்கள். முதலில் ஸ்டிக்கரைக் கிளப்பிப் படம் எடுத்து வையுங்கள்.