தைக்காமல் ஒட்டிய திரைச்சீலை: ஹட்டன் குளிரில் ஹெம்மிங் டேப் எப்படி உழைத்தது

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் உள்ள எங்கள் வீட்டில் தையல் இயந்திரம் இல்லை. எட்டு வயது மகளின் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துத்தரத் தையற்கடையில் கேட்ட கூலி துணியின் விலையையே நெருங்கியதால், அயன்பெட்டியின் சூட்டில் உருகி இரு துணிகளை ஒட்டவைக்கும் நாடாவை வாங்கிப் பார்க்கத் துணிந்தேன். புடவைக்கடைகளிலும், நூல், பொத்தான், ஊசி விற்கும் சிறு கடைகளிலும் "ஹெம்மிங் டேப்" என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய மே மாதத்தில் ஒட்டிய திரைச்சீலையை நான்கு மாதங்கள் பாவித்து, இருமுறை கழுவிக் காயவைத்த பின்னரே இதை எழுதுகிறேன்.

பார்வைக்கு அது சிலந்தி வலையை நீளமாக வெட்டிச் சுருட்டியது போலிருக்கும். பெரும்பாலான நாடாக்கள் பொலியமைட் என்ற செயற்கை இழையால் ஆனவை. துணியின் மடிப்புக்குள் வைத்துச் சூடாக்கினால் அந்த இழை உருகித் துணி நூல்களுக்கிடையே இறங்கி, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. ஆகவே துணி எவ்வளவு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கிறதோ அவ்வளவுக்கே பிடிப்பும் இருக்கும். கடையில் இதை யாரும் சொல்லவில்லை. பொதியுறையில் இருந்த குறிப்பும் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறியது.

துணிக் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஜன்னல் நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம். சுருக்கம் அழகாக விழுவதற்கு, ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை துணி வேண்டும். 45 அங்குல அகலமுள்ள பருத்தித் துணியில் இரண்டு பாகங்கள் எடுத்தால் 90 அங்குலம் கிடைக்கிறது. 48 அங்குல ஜன்னலுக்கு அது தாராளம். ஜன்னலுக்கு மேலே 6 அங்குலமும் கீழே 8 அங்குலமும் விட்டு, மேல் மடிப்புக்கு 3, கீழ் மடிப்புக்கு 4 என்று சேர்த்தால் ஒரு பாகத்துக்கு 69 அங்குலம் வருகிறது. புதுப் பருத்தி முதற்கழுவலில் சுருங்கும் என்பதால் இரண்டு பாகங்களுக்குமாக முழுமையாக நான்கு யார் (144 அங்குலம்) துணி வாங்கினேன். பக்கவாட்டில் துணியின் சொந்தக் கரையே நூல் பிரியாமல் காப்பதால் அங்கே நாடா தேவைப்படவில்லை. மேலும் கீழும் ஒட்டியதற்கு ஐந்து மீற்றருக்கும் குறைவாகவே செலவானது.

வெட்டுவதற்கு முன் துணியைக் கழுவியே ஆகவேண்டும். சுருக்கம் போவது ஒரு காரணம். புதுத் துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சி நாடாவைப் பிடிக்கவிடாது என்பது மற்றொன்று. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, வெயில் முகம் காட்டாத வாரங்களில் துணி காய்வது என்பது எங்களுக்குத் தனியொரு சோதனை. கொடியில் இரண்டு நாட்கள் கிடந்த துணி கைக்கு உலர்ந்ததாகவே பட்டது. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே கழிந்ததால், முதல் நாள் ஒட்டிய கீழ்மடிப்பு மறுநாள் காலையில் பாதி திறந்து கிடந்தது. அதன்பின் மடிப்பு வரும் இடத்தை முதலில் வெறும் அயன்பெட்டியால் நன்கு சூடாக்கி உலர்த்திவிட்டு நாடாவை வைத்தேன். அப்படி ஒட்டிய பகுதி இன்றுவரை அசையவில்லை. அயன்பெட்டியை அழுத்தும்போது மடிப்பின்மேல் விரிக்கும் மெல்லிய ஈரத்துணி வேறு விடயம்: அதன் ஆவி சூட்டை ஒரேசீராகப் பரப்புகிறது. அயன்பெட்டியை இழுக்காமல், ஓரிடத்தில் பத்து விநாடிகள் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஆறும்வரை தொடக்கூடாது. தடித்த போர்வையை மடித்து அதன்மேல் அழுத்தினால் பலம் முழுவதும் போர்வைக்குள் போய்விடும் என்பதால், மேசையில் ஒற்றைப் படுக்கை விரிப்புப் போதும்.

பொலியெஸ்டர் துணிக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பருத்திக்குரிய சூட்டில் அது மினுங்கிச் சுருங்குகிறது, சூட்டைக் குறைத்தால் நாடா சரியாக உருகுவதில்லை. பழைய துண்டொன்றில் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டேன்.

நாடாவின் உண்மையான பலவீனம் மேல்விளிம்பில் வெளிப்பட்டது. "மேல மடிச்சு ஒட்டி, உள்ளால ஸ்பிரிங் கம்பியைப் போடுங்க டீச்சர், ஒண்ணும் ஆகாது" என்று கடைத் தம்பி சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தேன். திரையை விலக்கும்போதெல்லாம் கம்பி அந்த ஒட்டை உள்ளிருந்து இழுக்கிறது. மகளோ திரைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிறவள். மூன்றாவது வாரத்தில் ஒரு பாகம் கம்பியிலிருந்து கழன்று அவள் தலைமேலேயே விழுந்தது. அவளுக்கு அது பெரும் வேடிக்கை. பாரம் தாங்கும் வேலையை ஒட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அப்போது புரிந்தது. ஹாட்வெயார் கடையில் அலுமினியக் குழாய் ஒன்றும், கிளிப் கோத்த வளையங்களும் வாங்கி, சுவரைத் துளைக்காமல் ஜன்னலின் மரச்சட்டத்திலேயே கொழுக்கி முடுக்கி மாட்டினேன். சட்டம், முன்பு சுவரில் கம்பி இருந்த இடத்தைவிடத் தாழ்வாக இருந்ததால், மிஞ்சிய நீளத்தை மேல்மடிப்பில் சேர்த்துக்கொண்டேன். ஒரு பாகத்துக்கு எட்டு வளையங்கள். மடித்த துணியைக் கிளிப்பின் பற்களே கவ்விக்கொள்வதால் நாடா விளிம்பை ஒழுங்காக வைத்திருந்தாலே போதுமாகிறது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் கட்டிலை ஜன்னலுக்கு அருகே போடாமலும், தொங்கும் கயிறு எதையும் திரையோடு கட்டாமலும் இருப்பது அவசியம். வளையங்களும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

கழுவும்போது குளிர்நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டேன். முதற்கழுவலில் ஒரு மூலை மட்டும் விரல் அகலத்துக்குத் திறந்தது; மீண்டும் சூடுகாட்டியதும் பிடித்துக்கொண்டது. ஒட்டிய இடம் சற்று விறைப்பாக, கடதாசி வைத்தது போலத் தெரிவது உண்மை. யானைகள் அச்சிட்ட குழந்தைத் துணியில் அதை யாரும் கவனிப்பதில்லை, வரவேற்பறைக்கு என்றால் நான் யோசிப்பேன். கண்ணாடியில் காலையில் படியும் நீர்த்துளி துணியில் படாதவாறு குழாயைச் சற்று முன்தள்ளி மாட்டுங்கள், இல்லாவிட்டால் கீழ்விளிம்பில் பூஞ்சணம் கருப்பாகப் புள்ளி வைத்துவிடும்.

துணி, நாடா, குழாய், வளையங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அதில் நாடாவின் பங்கு மிகச் சிறியது. கீழ்விளிம்புக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கம்பி நுழைக்கும் மடிப்புக்கு ஒன்று. மார்கழிக் குளிருக்குப் பழைய பிளனல் போர்வையொன்றை உட்துணியாக அதே கிளிப்களில் சேர்த்துக் கவ்வவைக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு நாடாவும் வேண்டாம், அயன்பெட்டியும் வேண்டாம்.