ரொக்கமா, மின்பணமா: யார் பார்க்கிறார்கள், யார் தடுக்க முடியும்?

மத்திய வங்கியே வெளியிடும் மின்பணமான டிஜிட்டல் யூரோ வந்தால் அதில் உங்களுக்கு எது முக்கியம் என்று ஐரோப்பிய மத்திய வங்கி 2020 அக்டோபர் முதல் 2021 ஜனவரி வரை கருத்துக் கேட்டது. 8,200-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அவற்றில் 43 சதவீதம் அந்தரங்கத்தை முதலிடத்தில் வைத்தன. அடுத்து வந்த பாதுகாப்புக்குக் கிடைத்தது 18 சதவீதம்தான். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கருத்து இது. ஒட்டுமொத்த ஐரோப்பாவின் மனநிலை என்று கொள்ள முடியாது. ஆனாலும் ‘மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்’ என்று கேட்டு இந்த விவாதத்தை மூடிவிடவும் முடியாது.

ரொக்கம், வங்கி அட்டையும் செயலியும், மத்திய வங்கியே வெளியிடும் மின்பணம், பிட்காயின் போன்ற கிரிப்டோ என்று நான்கு வழிகள் இன்று போட்டியில் இருக்கின்றன. எது வேகம், எது மலிவு என்ற ஒப்பீடுகள் ஏற்கெனவே ஏராளம். இங்கே மூன்று கேள்விகளை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். பணம் கைமாறுவதை யார் பார்க்கிறார்கள்? யார் நினைத்தால் அதைத் தடுக்க முடியும்? மின்சாரமும் இணையமும் போனால் என்ன ஆகும்? பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. தன் செலவுகளை யாரோ பார்க்கிறார் என்பது ஒருவருக்குக் கூச்சம் தரலாம். தன் பணத்தை யாரோ நிறுத்திவிட முடியும் என்றால் அவருடைய வாடகையும் மருந்தும் நின்றுபோகும்.

ரொக்கம்

கொடுப்பவர், வாங்குபவர் இருவரைத் தவிர ரொக்கப் பரிமாற்றத்தைப் பார்ப்பவர் இல்லை. அனுமதி கேட்க வேண்டிய இடமும் இல்லை. வன்முறை நிறைந்த ஒரு வீட்டை விட்டு வெளியேற நினைக்கும் பெண் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும் பணத்தை எண்ணிப் பாருங்கள். கணவர் கைக்குப் போகும் கணக்கு அறிக்கையில் அது ஒரு வரியாக ஏறாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அந்தரங்கம் என்றதும் நாம் அரசையும் பெருநிறுவனங்களையும் நினைக்கிறோம். பலருக்கு முதல் கண்காணிப்பாளர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

மூன்றாவது கேள்வியிலும் ரொக்கத்தை வெல்ல ஆள் இல்லை. 2018 ஜூன் 1 அன்று விசாவின் ஐரோப்பிய வலைப்பின்னலில், தரவு மையம் ஒன்றிலிருந்த, தரவைக் கடத்தும் கருவியான ஒரு ஸ்விட்ச் ஓரளவு பழுதானது. ஏறத்தாழ 52 லட்சம் பரிவர்த்தனைகள் தோற்றுப்போயின. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் இல்லாமல் நின்றபோது கையில் நோட்டு வைத்திருந்தவர்களால்தான் எளிதாக எதையும் வாங்க முடிந்தது. ஐரோப்பாவில் முதன்முதலாக 1661இல் காகித நோட்டு வெளியிட்ட ஸ்வீடன், பிறகு ரொக்கத்தைக் கைவிடுவதிலும் முன்னணியில் நின்றது. அதே நாட்டு அரசு 2024இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், ஒரு வாரத் தேவைக்காவது ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொல்கிறது.

ரொக்கத்தின் குறைகளும் சிறியவை அல்ல. வரி ஏய்ப்புக்கும் லஞ்சத்துக்கும் அது வசதியானது. 500 யூரோ நோட்டு வெளியிடுவதை ஐரோப்பா 2019இல் நிறுத்தியதற்கு, சட்டவிரோதச் செயல்களுக்கு அது உதவும் என்ற கவலையே காரணம். திருட்டும் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நலத்திட்ட உதவி 1990களில் காசோலையிலிருந்து மின்னணு அட்டைக்கு மாறியது. கைகளில் புழங்கிய ரொக்கம் குறைந்தது. குற்றங்கள் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். ரொக்கத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக் கூடாது. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்.

இன்னொன்றும் உண்டு. ரொக்கமும் அரசின் கைக்கு அப்பாற்பட்டதில்லை. 2016 நவம்பரில் இந்தியாவில் புழக்கத்திலிருந்த நோட்டு மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஓர் இரவில் செல்லாததானது. 2023 தொடக்கத்தில் நைஜீரியா பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்ற வேகத்துக்குப் புதிய நோட்டுகள் வந்து சேரவில்லை; மக்கள் வங்கி வாசல்களில் தவித்தார்கள்; அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நோட்டுகளின் ஆயுளை நீட்டிக்க வேண்டியிருந்தது. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நோட்டைச் செல்லாததாக்கினால் எல்லோருக்கும் சேர்த்தே ஆக்க முடியும். பிடிக்காத ஒருவரின் பையிலிருக்கும் நோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து முடக்க முடியாது.

அட்டையும் செயலியும்

அந்தத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே வந்துவிடுகிறது. அட்டை தேய்க்கும் நொடியில் வாங்குபவரின் வங்கி, விற்பவரின் வங்கி, இடையிலுள்ள கட்டண நிறுவனம், அட்டை வலைப்பின்னல் என்று குறைந்தது நான்கு பேர் அதைப் பதிவு செய்கிறார்கள். பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பதில் சொல்கிறது. 11 லட்சம் பேரின் மூன்று மாத அட்டைப் பதிவுகளைப் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எந்த நாளில் எந்தக் கடைக்குப் போனார் என்ற தகவல் நான்கே நான்கு தெரிந்தால், 90 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடிந்தது.

சட்டம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் மில்லர் வழக்கில், வங்கியிடமிருக்கும் உங்கள் கணக்குப் பதிவுகள் மீது உங்களுக்கு அரசமைப்பு தரும் அந்தரங்கப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி, 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளை வங்கிகள் அரசுக்குத் தெரிவிக்கின்றன. அரை நூற்றாண்டாகியும் அந்த வரம்பு ஏறவில்லை. அன்று அது ஒரு வீட்டின் விலையில் கணிசமான பங்கு. பணத்தின் மதிப்பு தேயத் தேய, யாரும் புதிய சட்டம் போடாமலேயே கண்காணிப்பின் வலை விரிந்துகொண்டே போயிருக்கிறது. இந்த ஒரு உதாரணம் கடைசியில் எனக்குத் தேவைப்படும்.

தடுக்கும் அதிகாரத்துக்கு வருவோம். 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும், அரசு ரகசியங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்கு நன்கொடை போகும் வழியை அடைத்தன. எந்த நீதிமன்றமும் அப்படி ஆணையிட்டிருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் கனடா, கோவிட் தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தை அடக்க நெருக்கடிநிலைச் சட்டத்தை எடுத்தது. போராட்டத்தோடு தொடர்புடையவர்களின் கணக்குகளை நீதிமன்ற ஆணை இல்லாமலேயே வங்கிகள் முடக்கலாம் என்றது. இருநூறுக்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியது நியாயமற்றது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2024 ஜனவரியில். அந்தப் போராட்டத்தின் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. நமக்குப் பிடிக்காதவர்கள் மீது பாயும்போதுதான் ஒரு அதிகாரத்தை நிதானமாக எடைபோட வேண்டும். நாளை அது யார் கையில் இருக்கும் என்று இன்று சொல்ல முடியாது.

அட்டைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ஏமாற்றப்பட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். பெரிய தொகைக்கு, முகம் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதற்கு நான் அட்டையைத்தான் சொல்வேன்.

மத்திய வங்கியின் மின்பணம்

பஹாமாஸ் 2020இல் சாண்ட் டாலரையும் நைஜீரியா 2021இல் இ-நைராவையும் வெளியிட்டன; சீனா 2020 முதல் நகரம் நகரமாகச் சோதித்து வருகிறது. வங்கிக் கணக்கிலுள்ள தொகை, அந்த வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். மத்திய வங்கி மின்பணமோ நோட்டைப் போலவே நேரடியாக மத்திய வங்கியின் பொறுப்பு. வங்கி திவாலானாலும் அது போகாது. பணம் செலுத்தும் வழி முழுவதும் சில தனியார் நிறுவனங்களின் கையில் சிக்காமல் பொதுவில் ஒரு வழி இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

அந்தரங்கத்தில்தான் சிக்கல். சீனா தன் முறையைக் ‘கட்டுப்பாட்டுக்குட்பட்ட அநாமதேயம்’ என்கிறது: சிறு தொகைக்கு மறைவு, பெருந்தொகைக்குத் தடம். கீழ்நிலைப் பணப்பைக்குத் தொலைபேசி எண் மட்டும் போதும். ஆனால் அங்கே தொலைபேசி எண்ணே அடையாளச் சான்று காட்டித்தான் கிடைக்கும். கடைக்காரருக்கு நீங்கள் யாரென்று தெரியாமல் போகலாம். அரசு அறிய விரும்பினால் வழி இருக்கிறது.

அதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2020 அக்டோபரில் ஷென்ஜென் நகரில் நடந்த சோதனை. குலுக்கலில் தேர்ந்த 50,000 பேருக்குத் தலா 200 யுவான் மின்பணமாகக் கொடுத்தார்கள். குறித்த சில நாட்களுக்குள், குறித்த கடைகளில் செலவழிக்க வேண்டும். மீதியிருந்தால் திரும்பப் போய்விடும். பரிசுத் தொகைக்கு அது இயல்பான நிபந்தனைதான். ஆனால் பணத்துக்குக் காலாவதித் தேதி வைக்கலாம், எங்கே செல்லும் எங்கே செல்லாது என்று அதற்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்பது கண்முன் நடந்துவிட்டது. பரிசில் வந்தது சம்பளத்துக்கும் உதவித்தொகைக்கும் வருவதைத் தடுக்க வேண்டியது சட்டம். ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூனில் வைத்த முன்வரைவு, டிஜிட்டல் யூரோவில் இப்படி நிபந்தனை எழுதக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இணைப்பில்லாமல் இரு சாதனங்களுக்கிடையே நடக்கும் சிறு பரிமாற்றங்களுக்கு ரொக்கத்துக்கு நிகரான அந்தரங்கம் தரவும் அது முன்வருகிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணை, மத்திய வங்கி மின்பணம் கூடாது என்று அரசு அமைப்புகளைத் தடுத்தது. அந்தரங்கம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மில்லர் தீர்ப்பும் 10,000 டாலர் அறிக்கையும் அப்படியே நிற்கும்போது, வராத ஒன்றைத் தடை செய்ததால் அங்குள்ளவருக்குப் புதிதாக எந்த அந்தரங்கமும் கிடைத்துவிடவில்லை.

கிரிப்டோ

பிட்காயின் மறைவானது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உண்மையில் அதன் ஒவ்வொரு பரிமாற்றமும் உலகில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பேரேட்டில் அழியாமல் நிற்கிறது. பெயர் இருக்காது, முகவரி எண் இருக்கும்; ஒருமுறை அந்த எண்ணோடு ஆளைப் பொருத்திவிட்டால் முழு வரலாறும் விரிந்துவிடும். 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து திருடப்பட்ட சுமார் 1,20,000 பிட்காயினில் 94,000-க்கும் மேற்பட்டதை அமெரிக்க அதிகாரிகள் 2022இல் கைப்பற்றினார்கள். பேரேடு ஆறு ஆண்டுகள் காத்திருந்து சாட்சி சொன்னது. மொனீரோ போன்ற வேறு சில கிரிப்டோ நாணயங்கள் உண்மையிலேயே மறைவானவை. ஆனால் பெரிய சந்தைகள் அவற்றை விலக்கிவருகின்றன. பைனான்ஸ் என்ற சந்தை 2024இல் மொனீரோவை நீக்கியது. டாலர் மதிப்போடு கட்டிய பெரிய நாணயங்களோ, வெளியிடும் நிறுவனம் நினைத்தால் எந்த முகவரியையும் முடக்கக்கூடியவை. பிட்காயினை 2021இல் சட்டபூர்வப் பணமாக்கிய எல் சல்வடோர், அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025இல் நீக்கிவிட்டது. அன்றாடப் பணமாக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாற்பது ஆண்டுகளாகக் காத்திருக்கும் வழி

இந்த நான்கையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. அந்தரங்கம் வேண்டுமென்றால் குற்றத்தைப் பொறுத்துக்கொள்; குற்றத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அந்தரங்கத்தை விடு என்ற இருமுனைப் பேச்சைக் கணினி அறிவியலர் டேவிட் சாம் 1982இலேயே உடைத்துவிட்டார். அவர் முன்வைத்தது குருட்டுக் கையொப்பம். ஒரு தாளைக் கரித்தாளோடு சேர்த்து உறையிலிட்டு மூடி வங்கியிடம் கொடுக்கிறீர்கள். வங்கி உறையின் மேல் கையெழுத்திடுகிறது. கையெழுத்து உள்ளே தாளிலும் பதிகிறது. உறையைப் பிரித்து அந்தத் தாளைக் கடையில் கொடுத்தால், கையெழுத்து தன்னுடையதுதான் என்று வங்கிக்குத் தெரியும். யாருக்குக் கொடுத்த தாள் அது என்று தெரியாது. கணிதத்தில் இதையே எண்களைக் கொண்டு செய்கிறார்கள்.

இதில் கொடுப்பவர் மட்டும்தான் மறைகிறார். வாங்கிய கடை அந்தத் தாளை வங்கியில் செலுத்த வேண்டும் என்பதால் கடையின் வருமானம் முழுவதும் தெரியும். வரி ஏய்க்க வழி குறைவு. நீங்கள் எந்த மருந்து வாங்கினீர்கள், எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தீர்கள் என்பது தெரியாது. சாம் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் திவாலானது. யோசனை சாகவில்லை. சுவிஸ் தேசிய வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்றில் சாமும் இன்னும் இருவரும் இதை மத்திய வங்கிக்குப் பொருந்தும்படி விவரித்தார்கள். மத்திய வங்கிகளுக்கான வங்கியாகிய பன்னாட்டுத் தீர்வு வங்கி 2023இல் டூர்பியோன் என்ற சோதனைத் திட்டத்தில் இதைச் செய்துகாட்டியது. இணைப்பு இருந்தால்தான் ஒரே தாள் இரண்டு முறை செலவாகாமல் பார்க்க முடியும் என்பது இதன் பலவீனம். அதனால் மின்சாரமும் இணையமும் போன நேரத்தில் இது நோட்டுக்கு ஈடாகாது. ஆனால் தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்று இனி எந்த மத்திய வங்கியும் சொல்ல முடியாது. கண்காணிப்போடு கட்டினால், அப்படிக் கட்ட வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள்.

என் தேர்வு

சிறு தொகைகளுக்கு ரொக்கம் சட்ட உரிமையாக நிலைக்க வேண்டும். நார்வே 2024 அக்டோபர் முதல் 20,000 குரோனர் வரை ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை வலுப்படுத்தியிருக்கிறது, அதுபோல. உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 140 கோடி பெரியவர்களுக்கு வங்கியிலோ செயலியிலோ எந்தக் கணக்கும் இருக்கவில்லை. அவர்களுக்கு ரொக்கத்தை விட்டால் வேறு வழியே இல்லை. அதற்கு அடுத்த இடத்தை, கொடுப்பவரை மறைக்கும்படி கட்டப்பட்ட மத்திய வங்கி மின்பணத்துக்குத் தருவேன். அப்படிக் கட்டப்படாத மின்பணம் அட்டையை விடப் பின்னால்தான் நிற்கும். அட்டையில் பார்வையாளர்கள் சிதறியாவது இருக்கிறார்கள்.

சட்ட முன்வரைவு வந்தால் நான் முதலில் தேடும் வரிகள் சில. அடையாளம் கேட்காத தொகை எவ்வளவு, அது பணவீக்கத்தோடு ஏறுமா, அல்லது அமெரிக்காவின் 10,000 டாலரைப் போல உறைந்து கிடக்குமா? கணக்கை முடக்க முன்கூட்டியே நீதிமன்ற ஆணை வேண்டுமா? காலாவதித் தேதியும் கடைக் கட்டுப்பாடும் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கின்றனவா? இணைப்பில்லாப் பரிமாற்றம் முதல் நாளிலிருந்தே உண்டா? அந்தச் சாதனம் தொலைந்தால் அதிலுள்ள பணமும் போகும் என்பார்கள். நோட்டு வைத்திருந்த காலமெல்லாம் அந்த ஆபத்தை ஏற்றுத்தானே புழங்கினோம், இதற்கும் ஏற்கலாம்.