எபிடியூரலுக்குப் பின் தலைவலி: காத்திருப்பதா, பிளட் பேட்ச்சா?

முதுகில் ஊசி வழியாக மரப்பு மருந்து செலுத்தி வலியைக் குறைக்கும் எபிடியூரல் புண்ணியத்தில் பிரசவ வலி பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் எழுந்து உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை. பின்மண்டையிலிருந்து நெற்றிவரை இழுத்துப் பிடித்தது, கழுத்து விறைத்தது. படுத்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். "பச்சை உடம்பு, தலையில நீர் கோத்திருக்கும்" என்று அம்மா சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார். நடந்ததோ நேர்மாறு. தண்டுவட நீர் கசிந்து குறைந்திருந்தது.

எபிடியூரல் ஊசியின் நுனி, தண்டுவட நீரைச் சூழ்ந்த சவ்வுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு அது சவ்வைத் துளைத்துவிடும். தடித்த ஊசி என்பதால், அப்படித் துளைபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி வருகிறது.

முதல் வழி பொறுத்திருப்பது. பாராசிட்டமால், காபி, படுக்கை. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகும். ஆனால் படுத்திருப்பதால் வலி அடங்குமே தவிர, ஓட்டை சீக்கிரம் அடைபடாது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் பயனில்லை. காபி கொஞ்ச நேரம் கேட்கும். பால் கொடுப்பவர்கள் அதையும் அளவோடுதான் குடிக்கலாம்.

இரண்டாவது பிளட் பேட்ச். நம் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தம் எடுத்து, முதுகில் பழைய இடத்தருகே செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். இரண்டு நாள் கழித்துச் செய்தால் பலன் கூடுதல் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னதால், மூன்றாம் நாள் செய்துகொண்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது வலியின் அளவு அல்ல, பால் கொடுப்பதுதான். ஒருக்களித்துப் படுத்தே கொடுத்ததில் குழந்தை சரியாகக் கவ்வவில்லை. தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க அம்மா வேண்டும், பாத்ரூம் போக அவர் கை வேண்டும். தையலும் இழுக்கிறது. இப்படி இரண்டு வாரமா? வீட்டில் நாலு பேர் இருந்தாலும் உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டியது நான்தானே!

பேட்ச் போட்டு இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்தபின் உட்கார்ந்தேன். வலி இல்லை. முதுகு மட்டும் நாலைந்து நாள் கனத்தது. எல்லோருக்கும் இப்படி ஒரே தடவையில் முழுதாகப் போய்விடாது. சிலருக்கு இன்னொரு தடவை தேவைப்படும். மறுபடி முதுகில் ஊசி என்பதால் அதே சவ்வு மீண்டும் துளைபடும் வாய்ப்பும் உண்டு. காய்ச்சலோ ரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் செய்ய மாட்டார்கள்.

மூக்கு வழியாகப் பஞ்சுக் குச்சியில் மரப்பு மருந்து வைக்கும் முறையும் இருக்கிறது. தோழிக்கு ஒருநாள் கேட்டு, மறுநாள் வலி திரும்பிவிட்டது. அந்த ஒன்றை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "படுத்தாலும் வலிக்குதாம்மா?" என்றுதான். ஆமாம் என்றாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, அது ரத்த அழுத்தம், மூளையில் ரத்தக்கட்டு என்று வேறு ஏதாவதாக இருக்கலாம். அப்போது இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை, உடனே ஆஸ்பத்திரி. வலி லேசாக இருந்து, உட்கார்ந்து பால் கொடுக்க முடிந்திருந்தால், நானும் காபியோடு காத்திருந்திருப்பேன்.