டப்ளினர்ஸ்: முப்பதிலும் முடியாத விடலைப் பருவம்

வளரும் பருவத்துக் கதைகள் என்று பெயர் போட்டு வரும் தொகுப்புகளில் பாதிக்கு மேல் எனக்கு ஒத்துவருவதில்லை. ஒரு பையன், அவன் செய்த ஒரு தப்பு, எதையும் மன்னிக்கும் ஒரு தாத்தா, கடைசிப் பக்கத்தில் ஒரு புத்திமதி. 14, 15 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிப்பது என் வேலை. இப்படிப்பட்ட கதையைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பிலிருந்து ஒன்றைக் கொடுத்தால், “மிஸ், அடுத்த பக்கம் காணோமே?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தப் புத்தகம் என் பையில் எப்போதும் இருக்கும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மனிதர்களைப் பற்றிய 15 கதைகள். புத்தகமாக வந்தது 1914இல். எழுதியவர் பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம், பின்னாளில் அவர் எழுதிய நாவல்களின் சிக்கல் எதுவும் இதில் இல்லை. வாக்கியங்கள் எளிமையானவை. கதைகளைக் குழந்தைப் பருவம், விடலைப் பருவம், முதிர்ந்த பருவம், பொதுவாழ்க்கை என்ற வரிசையில் அடுக்கியிருப்பதாகப் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த வரிசைதான் புத்தகத்தின் பெரிய குறும்பு. விடலைப் பருவம் என்று அவர் ஒதுக்கிய நான்கு கதைகளில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். எவலினுக்கு 19 தாண்டியிருக்கிறது, சரி. பணக்கார நண்பர்களின் பின்னால் அலையும் ஜிம்மிக்குச் சுமார் 26. தெருத்தெருவாகச் சுற்றும் லெனெஹனுக்கு வரும் நவம்பரில் 31 முடியும். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் பிஸ்கட் தின்றதோடு சரி, ராத்திரி ஒரு தட்டுப் பட்டாணியை வாங்கிவைத்துக்கொண்டு, நமக்கென்று ஒரு வேலையும் வீடும் அமையவே அமையாதா என்று யோசிக்கிறான். விடுதியில் மாட்டிக்கொண்ட டோரனுக்கு 34, 35 இருக்கும். இவர்கள்தான் ஜாய்ஸ் கணக்கில் இளசுகள்! லெனெஹனை எழுதும்போது ஜாய்ஸுக்கே 24 வயதுதான் என்பது இன்னும் வேடிக்கை.

வயது ஏறுவதும் ஆள் வளர்வதும் வேறு வேறு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தக் கதைகளில் அது எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்தது. யாரும் எதையும் கற்றுக்கொண்டு பெரியவர்கள் ஆவதில்லை. ஒரு நொடி தன்னையே வெளியிலிருந்து பார்த்துவிடுகிறார்கள், பார்த்தது பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் மூன்று கதைகளையும் சொல்வது ஒரு பையன். மூன்றிலும் அவனுக்குப் பெயர் கிடையாது. சுற்றியிருப்பவர்களில் பலருக்குப் பெயர் உண்டு. ‘ஆன் என்கவுன்டர்’ கதையில் அவனும் மஹோனி என்ற பையனும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். ஒரு திடலில் வயதான ஆள் ஒருவன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். அவன் பேர் சொல்லும் புத்தகங்களையெல்லாம் படித்ததாக நம் பையன் பாசாங்கு செய்கிறான். நீ என்னைப் போலப் புத்தகப் புழு, இவன் வேறு மாதிரி, விளையாட்டுப் பையன் என்று அந்த ஆள் இருவரையும் பிரித்துவைக்கிறான். பையனுக்கு உள்ளுக்குள் அது பிடித்தும் போகிறது. அப்புறம் அந்த ஆளின் பேச்சும் நடத்தையும் ஒரு மாதிரியாகப் போகவே, அவன் பெயர் கேட்டால் நீ மர்ஃபி, நான் ஸ்மித் என்று பையன் மஹோனியிடம் சொல்லிவைக்கிறான். பயம் முற்றியதும் எழுந்து நடந்து, திடலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பனைப் பொய்ப் பெயரால் கூப்பிடுகிறான். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் மஹோனி பார்க்கிறான், உதவிக்கு வருகிறவன் மாதிரி ஓடி வருகிறான். பையனுக்கோ குற்ற உணர்வு. ஏனென்றால் மனசுக்குள் அவன் மஹோனியை எப்போதுமே கொஞ்சம் மட்டமாக நினைத்துவந்தவன். கதை அதோடு நின்றுவிடுகிறது. நான் யார், யாரை விட ஒசத்தி என்று அவன் கட்டிவைத்திருந்த எல்லாம், காப்பாற்ற ஒரு ஆள் தேவைப்பட்ட நேரத்தில் சரிந்துவிடுகிறது. அந்த வயதான ஆளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: இந்தக் கதையைச் சிறு பிள்ளைகளிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கதை ‘அராபி’. நண்பனின் அக்கா மேல் ஒரு பையனுக்கு ஆசை. கண்காட்சிக்குப் போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று வாயை விட்டுவிடுகிறான். இதைக் காதல் தோல்விக் கதையாகவே பாடம் நடத்துகிறார்கள். நான் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்வேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேரும் சித்தப்பா கொடுக்கும் ஃப்ளோரின் என்பது 24 பென்னி. உள்ளே போக ஆறு பென்னி வாசலைத் தேடிக் கிடைக்காமல், அவசரத்தில் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி, கொடுத்துவிடுகிறான். கடைசியில் சட்டைப் பையில் ஆறு பென்னிக் காசு ஒன்றும் இரண்டு ஒற்றைப் பென்னிகளும். ஆக ரயிலுக்கு நாலு போயிருக்கும். ஜாய்ஸ் இந்தக் கூட்டலைச் செய்து காட்டுவதில்லை, சில்லறையை மட்டும் எண்ணி வைத்துவிட்டுப் போகிறார். எட்டுப் பென்னியோடு பீங்கான் ஜாடிகளின் முன்னால் நிற்கும் பையனிடம் கடைக்காரப் பெண் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இரண்டு ஆண்களோடு விட்ட அரட்டைக்குத் திரும்புகிறாள். விளக்குகள் அணைகின்றன. தான் எவ்வளவு அற்பமான ஆசைக்கு ஆட்பட்டிருக்கிறோம் என்று அவனுக்குக் கோபமும் அவமானமுமாக வருகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வகுப்பில் யாரும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்ததில்லை.

முதல் கதையான ‘தி சிஸ்டர்ஸ்’ கொஞ்சம் மூட்டமானது. தனக்குப் பழக்கமான பாதிரியார் இறந்த செய்தி வரும்போது பையன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு கிழவர் தன்னைச் சின்னப் பிள்ளை என்று பேசியதில் அவனுக்கு ஆத்திரம், அது வெளியே வராதபடி வாய் நிறையக் கஞ்சியைத் திணித்துக்கொள்கிறான். துக்க வீட்டில் பிஸ்கட் கொடுத்தால், கடித்தால் சத்தம் வருமே என்று வேண்டாம் என்கிறான். பிள்ளைகளின் கௌரவம் எதில் இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு.

அப்படியே ஒரே தாவலில் கடைசிக் கதையான ‘தி டெட்’டுக்குப் போய்விடலாம். கேப்ரியல் படித்த, மரியாதைக்குரிய ஆசிரியர். அப்போது அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. ஒரு பத்திரிகையில் புத்தக மதிப்புரை எழுதினதற்காக அவரை ஒரு பெண், நீ பிரிட்டிஷ்காரன் பக்கம் என்று விருந்தில் வைத்துச் சீண்டுகிறாள். (மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் இதே கதிதான்.) உனக்கென்று ஒரு மொழி இல்லையா என்று கேட்கிறாள். ஐரிஷ் என் மொழி இல்லை என்கிறார். அதே ராத்திரி, 17 வயதில் செத்துப்போன ஒரு பையனை நினைத்து மனைவி அழுகிறாள். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் கேப்ரியலுக்கு ஒரு கோமாளி தெரிகிறான். அராபி பையன் இருட்டில் கண்டதும் இதுதானே! இத்தனை வருஷம், இத்தனை படிப்பு, குடும்பம், எல்லாம் இருந்தும் அதே பார்வை.

குறைகளும் உண்டு. ஜிம்மி வரும் கார்ப் பந்தயக் கதை சுமார்தான். தேர்தல் அலுவலகத்தில் நடக்கும் கதை, 1891இல் இறந்த பார்னெல் என்ற தலைவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குப் பிடிபடாது. பெண்பிள்ளை வளர்வதைப் பற்றி எனக்குப் போதவில்லை. காதலனோடு கப்பலேறப் போன எவலின் துறைமுகத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள், சரி, ஆனால் அராபியில் வரும் அக்காவுக்கு அந்தப் பையன் யார்? அவள் பக்கத்துக் கதையை ஜாய்ஸ் எழுதவே இல்லை.

வாங்கும்போது பின்குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பாருங்கள். நாணயங்கள், கிறிஸ்தவச் சடங்குகள், அரசியல் பெயர்களுக்கு அது வேண்டும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் ஆங்கில மூலம் இலவசமாகவும் கிடைக்கிறது, குறிப்புகள்தான் இருக்காது. 15 கதையையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், சோர்ந்துவிடும். முதல் மூன்று, எவலின், அப்புறம் லெனெஹன், பிறகு ‘தி டெட்’. மிச்சத்தை நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.