சிங்கிள் பேஸ் 2 எச்.பி. மோட்டர்: பழைய பிளேனருக்கு ஒத்துவருமா?

ஹட்டன், பண்டாரவளை எலக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும், இரண்டு கெப்பாசிட்டர் (ஒன்று ஸ்டார்ட் செய்ய, மற்றது ஓடும்போது உதவ) வைத்த, முழுக்க மூடிய 2 எச்.பி. மோட்டரைப் பற்றியது இது. பழைய இங்கிலாந்து பிளேனருக்கு, அதாவது மரம் சீவும் மெஷினுக்கு, நல்ல மோட்டர்தான். ஆனால் காசைக் கொடுக்குமுன் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு கெப்பாசிட்டரை மாற்றினாலே பிழைக்கக்கூடிய மோட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவது பெரிய அநியாயம்.

சுவிட்சைப் போட்டதும் முனகிக்கொண்டே நிற்கிறதா? கரண்டை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றுங்கள். புல்லியைக் கையால் சுழற்றிவிட்டு, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். ஓடினால் ஓட்ட வைண்டிங்கில் (மோட்டரை ஓட்டும் கம்பிச் சுற்றில்) உயிர் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரில், அல்லது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சில் (வேகம் ஏறியதும் ஸ்டார்ட் வைண்டிங்கைத் தானாகத் துண்டிப்பது). மோட்டரை நிறுத்தி, வேகம் இறங்கி வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டர்பன்டைன் மரத்தூளும் மலைநாட்டு ஈரமும் சேர்ந்து அதன் தொடுமுனைகளில் பசையாகப் படியும். சுத்தம் செய்யாமல் ஓட்டினால், சில நொடி வேலைக்கென்று சுற்றிய ஸ்டார்ட் வைண்டிங் விலகாமல் கரண்டை இழுத்துக் கருகிவிடும். அதற்குப் பிறகுதான் ரீவைண்டிங் (கம்பியை மறுபடி சுற்றுவது), புது மோட்டர் பேச்செல்லாம்.

கெப்பாசிட்டரை ஒரு பல்ப் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டே தொடுங்கள். ரன் கெப்பாசிட்டர் அதன்மேல் எழுதிய அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். இன்சுலேஷனை அளக்கும் மெகரை 500 வோல்ட்டில் வைத்து வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே அளந்தால் 1 மெகாஓமாவது வர வேண்டும். ஜூன், ஜூலை மழையில் சும்மா கிடந்த மோட்டரென்றால், மூடியைக் கழற்றி 100 வாட் பல்பின் சூட்டில் நன்றாக உலர்த்தி, மறுபடி அளந்த பிறகே முடிவெடுங்கள்.

புது மோட்டர்தான் என்று முடிவானால், முதலில் பழைய பெயர்ப்பலகையில் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1425 சுற்று என்றால் 4 போல் (நான்கு காந்த முனை), 2850 என்றால் 2 போல். பிளேனரின் கத்தி உருளையில் 2 அங்குலப் புல்லி இருந்தால், 1425 மோட்டருக்கு 6 அங்குலப் புல்லி போட்டால் 4275 சுற்று கிடைக்கும். அதே புல்லியோடு 2850 மோட்டரை மாட்டினால் 8550. கத்தி பறந்து ஆளைக் கொல்லும் வேகம் அது.

இந்த மோட்டர் 90எல் என்ற அளவு உடலில் வருகிறது. ஷாஃப்ட் 24 மி.மீ., சாவி 8 மி.மீ., கால் துளைகள் 140க்கு 125 மி.மீ. பழைய புல்லியின் துளை 7/8 அங்குலமாக, அதாவது 22.2 மி.மீ. ஆக இருந்தால், லேத்தில் பெரிதாக்கிச் சாவிப் பள்ளமும் வெட்டிக்கொள்ளலாம். அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். மையம் விலகினால் பேரிங் சீக்கிரம் போய்விடும். கால் துளைகள் பெரும்பாலும் பொருந்தாது. 10 மி.மீ. இரும்புத் தகட்டில் மெஷினுக்கு ஒன்று, மோட்டர் காலுக்கு ஒன்று என இரண்டு வரிசைத் துளை போட்டு இடையில் வையுங்கள்.

மோட்டரில் குறை சொல்ல ஒன்று இருக்கிறது: வயர்ப் பெட்டியின் ரப்பர் மிக மெல்லியது, வயர் நுழையும் வாயும் தொளதொள. தூள் உள்ளே போகாமல், வயரை இறுக்கிப் பிடிக்கும் நல்ல கிளாண்ட் ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். மோட்டர்களுக்கான கணக்கு 1000 மீட்டர் வரைதான். காற்று மெல்லியதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அங்குள்ள குளிர் அதை ஈடுகட்டிவிடும். விசிறி மூடியில் தூள் அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோட்டத்துக் கரண்ட் லைன் கடைசியில் இருக்கும் பட்டறைகளுக்குத்தான் உண்மையான தொல்லை. 230 வோல்ட் 200க்கு இறங்கினால் மோட்டரின் முறுக்குவலு முக்கால்வாசிக்கு விழும். அங்கே ஒரே தடவையில் தடிப்பாகச் சீவாதீர்கள், வயரும் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. கரண்ட் போய் வந்ததும் மெஷின் தானாக ஓடாத ஸ்டார்டரும் எர்த் வயரும் கட்டாயம். மூன்று பேஸ் கரண்ட் இருக்கும் பட்டறை இந்த மோட்டரை வாங்க வேண்டாம்; மூன்று பேஸ் மோட்டருக்குக் கெப்பாசிட்டரும் இல்லை, ஒட்டிக்கொள்ளும் சுவிட்சும் இல்லை.