அத்தையின் நெஞ்சில் இருந்தது நீர்க்கட்டிதான்

துபாயிலிருந்து மூன்று வார லீவில் அம்பாசமுத்திரம் போயிருந்தேன். போன மறுநாளே அத்தான் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். அத்தைக்கு இருமல் விடவில்லை என்று எக்ஸ்ரே எடுத்ததில் இதயத்தின் ஓரம் நிழல், அப்புறம் சிடி ஸ்கேன், அதில் நெஞ்செலும்புக்குப் பின்னால் மூன்று செ.மீ. கட்டி, தைமோமாவாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி அது. ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போக நாளே பார்த்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்கேன் சென்டரில் இரண்டு தடவை கேட்டுத்தான் டிவிடி கிடைத்தது. ரத்தம் ஓடும் இடத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் டை ஊசி போடாமலே எடுத்திருக்கிறார்கள், அதை யாரும் வீட்டில் சொல்லவும் இல்லை. இது எனக்கு இன்னும் கோபம்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு ரேடியாலஜி டாக்டர் எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். சிடியில் ஒவ்வொன்றின் அடர்த்திக்கும் ஒரு எண் உண்டு, தண்ணீருக்கு 0, அத்தையின் கட்டிக்குள் 38 இருந்தது. தசையும் திடமான கட்டியும் காட்டுகிற அளவு அது, அதனால்தான் முதலில் பார்த்தவர் திடமான கட்டி என்று நினைத்திருக்கிறார். ஆனால் நீர்க்கட்டிக்குள் புரதமோ பழைய ரத்தமோ கலந்து கெட்டியாகிவிட்டாலும் இதே எண்தான் வருமாம். "எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க அண்ணாச்சி" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, மறுபடி சிடி வேண்டாம், எம்ஆர்ஐ எடுங்கள் என்றார்.

கிட்னி சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டு எம்ஆர்ஐக்கு டை போட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் அந்தத் தடதட சத்தத்துக்குள் அத்தை அசையாமல் படுத்திருந்தாள். நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி முழுக்கத் தண்ணீர் போல வெள்ளையாக இருந்தது. டைக்கு முன், பின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே ரத்தக் குழாய் இருந்தால்தானே டை ஏறும், திடமான கட்டி என்றால் பளிச்சென்று ஏறியிருக்கும். சில தைமோமாவும் உள்ளே நீர் கோத்துக்கொண்டு ஏமாற்றும் என்பதால் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெல்லிய சுவர், முடிச்சோ தடிப்போ எங்கேயும் இல்லை. தைமஸ் நீர்க்கட்டி என்றே எழுதிக் கொடுத்தார்.

மதுரைப் பயணம் ரத்து. இருமலுக்குத் தனியாக மருந்து. ஆறு மாதம் கழித்து இன்னொரு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார், இந்தப் படங்களோடு ஒப்பிட. இரண்டு டிவிடியையும் அத்தை பட்டுச்சேலைகளுக்கு நடுவே பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள்.